டோனல் தன் மேளத்தைக் கீழே வைத்தார்

டோனல் போய்விட்டார் என்று பிடில்காரி நோரா ரெலிபோனில் சொன்னபோது நான் சோற்றில் கை வைத்திருந்தேன். அடுத்த மூச்சிலேயே, "செவ்வாய்க்கிழமை செத்தவீட்டில அவருக்காக வாசிக்கிறம். மேளத்தைக் கொண்டு வா, அந்தோனி" என்றார். அழுகை வரவேண்டிய நேரத்தில் என் கை மேசையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவர்களுடைய இங்கிலீசையும் என் தமிழில்தான் சொல்கிறேன். நம் தேவாலயப் பங்கு மக்களே, கூத்துக்குக் குழல் ஊதிய வெள்ளைக்காரரை உங்களுக்கும் தெரியும். அவர்தான் டோனல்.

அயர்லாந்துக்காரர். குழல், பிடில், மேளம் எல்லாம் தன் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ரில் செய்வார். செய்ததில் பாதியைச் சும்மா தூக்கிக் கொடுப்பார். நகரத்துக்கு வெளியே நான் ஆடு வெட்டிய இடத்துக்கு மேளத்துக்குத் தோல் தேடி வந்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்து ஒன்றை இழுத்துக் கொடுத்தேன். அவர் தோலைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"நீ மேளம் அடிப்பாயோ?"

"மன்னாரில கூத்துக்கு மத்தளம் அடிச்சனான். இஞ்ச சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டில சமையல் பானைதான். பக்கத்து வீட்டு மனுசி சுவரில இடிக்கிறா."

"அவ தாளத்துக்கு இடிக்கிறாவோ?"

ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்!

அந்தத் தோலில் ஒரு மேளம் செய்து எனக்குத் தந்து, ஒரு ஞாயிறு பின்னேரம் என்னைத் தங்கள் ஆட்கள் வாசிக்கிற பப்புக்குக் கூட்டிப்போனார். அரிதட்டுப் போல வட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், சின்னத் தடியால் அடிப்பது. பிடிலும் குழலும் வட்டமாக இருந்து வாசித்தன. காகிதம் ஒன்றும் இல்லை, எல்லாம் காதால்தான். நான் மடியில் இருந்த மேளத்தைத் தூக்கினேன். டோனல் அடித்துக்கொண்டிருக்க நானும் சேர்ந்து அடித்தேன், கூத்தில் ராசா வருகிற அடி. சுற்றியிருந்தவர்களின் முகம் மாறியது. பிடில்காரி நோராவின் வில் அந்தரத்தில் நின்றது. டோனலோ தன் மேளத்தைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கை வலியில உளையுது. அந்தோனி அடிக்கட்டும்" என்றார். அடித்தேன் பாருங்கள்! கடைசியில் நோராவின் காலும் நிலத்தில் தட்டியது.

ஒரு நேரத்தில் ஒரு மேளம்தான் என்பது அவர்களுடைய எழுதாத சட்டம் என்று பிறகுதான் அறிந்தேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று சண்டைக்குப் போனேன்.

"சொல்லியிருந்தா நீ எழும்பிப் போயிருப்பாய்" என்றார்.

அதன்பின் நான் போகிற நாளெல்லாம் அவர் குழலை எடுத்துக்கொள்வார். மேளக் கதிரை எனக்கு.

நம் கோயில் மண்டபக் கூத்தை மறந்திருக்கமாட்டீர்கள். பற்றிஸ் பலகாரம் தின்றுகொண்டிருந்த டோனல், ராசா வரவு தொடங்க, சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்து ஊதிக்கொண்டே மேடையில் ஏறிவிட்டார். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பல்லைக் கடித்தார்: "உந்த ஆளை ஆர் மேடையில விட்டது?" ராசாவுக்கு வேடம் போட்ட சவிரி அந்தக் குழலுக்கு ஒரு சுற்று அதிகமாக ஆடினான். சனம் எழும்பி நின்று கைதட்டியது. திரை விழுந்ததும் அதே அண்ணாவியார், "அடுத்த முறை உந்தாளை முன்னுக்கு இருத்துங்கோ" என்றார்.

இப்படியானவர் போனபின், செவ்வாய்க்கிழமைக்கு நான் பயந்தேன். கதிரையைத் தந்தவர் இல்லாத இடத்தில் அது இனியும் எனக்குரியதா? அவரைக் கிடத்திய பெட்டிக்குப் பக்கத்தில் வட்டமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒன்று வெறுமையாக இருந்தது. நோரா வில்லால் அதைத் தட்டி, "என்ன பாக்கிறாய்? இரு!" என்றார்.

இருந்தேன். ராசா வரவை அடித்தேன். பிடில்கள் என் பின்னால் பாய்ந்து வந்தன. அழுதுகொண்டிருந்த சனம் காலால் தட்டியது. அப்போது வாசலில் ஒரு பெண் மேளப் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். நான் முன்பு கண்டதில்லை. கதிரைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போக அடியெடுத்தாள்.

என் மேளத்தைக் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

"வா பிள்ளை, இரு. எனக்குக் கை உளையுது" என்றேன், தமிழில்தான், எழும்பிக் கதிரையைக் காட்டியபடி. அவளுக்கு விளங்கியது. அவள் அடிக்க அடிக்க நான் கைதட்டினேன். என் கை உளையவே இல்லை. டோனலுக்கும் அந்தப் பப்பில் அன்றைக்கு உளைந்திராது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பொய்தான்.