வேனுக்கு அடியிலிருந்து கேட்ட சொல்

எனக்கு எழுபத்திரண்டு வயது. தேயிலைக் கொழுந்து பறித்தே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கடைக்குட்டி மகன் தோட்டத்துப் பிள்ளைகளைப் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான்.

போன ஞாயிறு அவன் பிரேக் ஒயில் மாற்றினான். குழாயில் புகுந்த காற்றை எடுக்க ஒரு ஆள் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டுமாம். நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் அடியில் படுத்துக்கொண்டு "மிதிம்மா" என்பான், மிதிப்பேன். "விடும்மா" என்று காதில் விழுந்ததும் காலை எடுப்பேன். நாலு சக்கரமும் முடிந்தது.

கடைசியாக மிதித்தால், பெடல் நனைந்த பஞ்சு மாதிரி மெத்தென்று அடிவரை இறங்கியது. விடிந்தால் இதே வேனில் பிள்ளைகள் அத்தனை வளைவும் இறங்க வேண்டும்.

மகனிடம் சொன்னேன். "எப்பம்மா காலை எடுத்த?" என்றான்.

"நீ விடும்மான்னு சொன்னப்பதான்டா."

"ஐயோ! விடுறேம்மான்னுல சொன்னேன்! நான் காத்து வெளிய போற நிப்பிளைத் தொறந்து ஒயிலை விடுறேன்னு. அப்ப காலை எடுத்தா காத்தை உள்ளுக்கு இழுத்துக்குமே!"

என் கால்தான் காற்றை உள்ளே விட்டது என்றதும் உடம்பே நடுங்கிவிட்டது. ஆனாலும், "வாயில கொழுக்கட்டையாடா வச்சிருந்த?" என்று கேட்டேன்.

மறுபடி மிதித்தோம். "மூடியாச்சு" என்று அவன் கத்திய பிறகே ஒவ்வொரு முறையும் காலை எடுத்தேன். பெடல் கல்லாக நின்றது. என் நடுக்கம்தான் இன்னும் நிற்கவில்லை.

பேத்தி, கோணல்மாணலாக எழுதியிருக்கிறேன். உரக்க வாசித்துக் காட்டு. வேன் ஓட்டுகிற உன் அப்பன் காதிலும் விழட்டும்.