ஓல்டான், பாய்!

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள், பெருங்களத்தூரில் அந்த லாரி கம்பெனிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே எந்த வண்டிக்கும் பின்னால் நின்று யாரும் ‘வா, வா’ சொல்ல மாட்டார்கள். முதலாளி சௌகத் அலி பாய் போட்ட உத்தரவு. வியாபாரத்தில் வேண்டுமானால் பாய் கொஞ்சம் அளப்பார். இந்த விஷயத்தில் அளக்கிற ஆளில்லை.

1987, ஐப்பசி மாதம். அப்போது கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு கூட்டாளிகளும்தான். பாடி கட்டுவது பாய். இஞ்சின், பிரேக் எல்லாம் வேதசிரோமணி. இருவரும் குடியிருந்த வீட்டை அடகு வைத்து முதல் லாரியைச் செய்து முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் அரசாங்க அதிகாரிகள் ஓட்டிப் பார்க்க வருகிறார்கள். தேறாவிட்டால் கம்பெனிக்கு மூடுவிழா. அந்த நேரம் பார்த்து பிரேக் சிலிண்டர் ஒழுகித் தொலைத்தது.

“நீ பேஜாராகாத பாய். பல்லாவரம் போய் புது சிலிண்டர் வாங்கிகினு வந்துர்றேன்,” என்று மத்தியானமே கிளம்பினார் சிரோமணி.

சாயங்காலம் ஆறு மணி. மழை பிடித்துக்கொண்டது. வெளியே நின்ற லாரியில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. சிரோமணியையும் காணோம். ஹேண்ட் பிரேக்கை நம்பி, வண்டியைக் கொட்டகைக்குள் விட பாயே ஏறி ரிவர்ஸ் போட்டார். கரண்ட் போய்விட்டது... கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

பின்னாலிருந்து குரல்.

“வா... வா... அப்படியே வா...”

சிரோமணி குரல்தான். அப்பாடா, ஆள் வந்தாச்சு! அந்தக் குரலைப் பிடித்தே பாய் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார்.

“வா... வா...”

“வண்டி நின்னு போச்சுய்யா! இன்னும் இன்னா வா வா?” பாய் சிரித்தார்.



டம்... டம்...

பின்பலகையில் யாரோ அறைந்தார்கள்.

“ஓல்டான்! பாய்... ஓல்டான்!”

‘நிறுத்து’ என்று லாரிக்காரர்கள் போடும் சத்தம். வண்டிதான் நின்றுவிட்டதே...

பாய் குதித்துப் பின்னால் ஓடினார்.

யாருமில்லை.

காய்ந்த தரையில் ஒரு ஈரக் காலடிகூட இல்லை...

பின்சக்கரத்தை ஒட்டி, புத்தம் புது சிலிண்டர்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து டயர் கடை தனசிங் நனைந்தபடி ஓடி வந்தார். “பாய்... பல்லாவரத்துலேர்ந்து போன். சிரோமணி அண்ணன்...”

உதிரிபாகக் கடை வாசலில் ஒரு லாரி ரிவர்ஸ் வந்து, சிரோமணியைச் சுவரோடு நசுக்கிவிட்டது. பின்பலகையை இரண்டு தரம் அறைந்திருக்கிறார். கத்தியிருக்கிறார். மழையில் டிரைவருக்குக் கேட்கவில்லை. பாய் வண்டியில் ஏறுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

“‘பாய், பாய்’னு கத்துனாராம் சார். எம்பேரு மாரி... என்னை ஏன் சார் பாய்னாரு?” என்று ஆஸ்பத்திரியில் அந்த டிரைவர் கேட்டுக் கேட்டு அழுதான்.

பாய் திரும்பி வந்து, அழுதபடியே சிலிண்டரை மாட்டினார். காலையில் வண்டி தேறியது. கம்பெனி பிழைத்தது.

அடக்கம் முடிந்ததும் சிரோமணியின் மனைவி தனம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். “சிலிண்டராம் அண்ணா. கடைசி வரைக்கும் விடவே இல்லையாம். விரலை நிமித்தித்தான் எடுத்தாங்களாம்.”

கடைக்காரர் போட்ட சணல் முடிச்சு அப்படியே இருந்தது. பாய் அவிழ்த்தார்.

உள்ளே ஒன்றுமில்லை... எண்ணெய்க் கறை படிந்த காகிதம் மட்டும், சிலிண்டர் அளவுக்கே குழிந்திருந்தது.