கூலிம் ஜக்கரியாவின் நாக்கு

மலேசியாவின் கூலிம் பட்டணத்தில், சோறும் கறியும் விற்கிற நாசி கண்டார் கடைக்கா பஞ்சம்? தெருவுக்கு இரண்டு இருக்கிறது. ஆனாலும் ஒரு காலத்தில், கறி கூடிவரவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற கடைக்காரர் யாராக இருந்தாலும், இரண்டு கரண்டி குழம்பைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து எடுத்துக்கொண்டு ஜக்கரியாவிடம்தான் வருவார். ஜக்கரியா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார். கண்ணை மூடுவார். "சோம்பு கருகியிருக்கு. வறுக்கும்போது கைபோனை நோண்டிக்கிட்டு இருந்தியாக்கும்" என்பார். வந்த ஆள் அசடு வழிவார். நோண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அந்த நாக்கு அடுப்படியில் வளர்ந்த நாக்கு. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சோறும் கறியும் விற்றுப் பிழைத்தவர் அவருடைய அத்தா. மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, சட்டியோடு வளர்ந்தார். தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடி, கூலிமில் தொழிற்சாலைகள் வந்தபோது, கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை போட்டார். கல்லாவில் மனைவி ஷம்சியா. ஒரே மகள் ஐனா. மசாலாத்தூள் மட்டும் வெளியிலிருந்து வரும். ஷம்சியாவின் தம்பி ஷஃபிக், பசார் சந்தைக்குப் பின்னால் சின்ன மில் வைத்து வறுத்து அரைத்துக் கொடுப்பான். தாயில்லாப் பிள்ளை, அக்காதான் ஊட்டி வளர்த்தவள். ஜக்கரியா வாங்குகிறார் என்பதற்காகவே ஊரில் பாதிக் கடைகள் அவனிடம் வாங்கின.

பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன கொவிட் வந்தது. ஜக்கரியாவுக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை. ஆனால் மூக்கு செத்துப்போயிற்று. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கடியில் வைத்தாலும் ஒன்றுமில்லை. காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக ஒரு மிளகாயைக் கடித்தார், சுர்ரென்றது. உப்பை வைத்தார், கரித்தது. "அல்ஹம்துலில்லாஹ், நாக்கு திரும்பிடுச்சு" என்று ஊருக்கெல்லாம் சொன்னார். பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். காரமும் உப்பும் மூக்கைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று அந்த மனுஷனுக்கு யார் சொன்னார்கள்? ருசி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி வாசம்தான் என்பது, முப்பது வருஷம் ருசியிலேயே குடித்தனம் நடத்தியவருக்கும் தெரியாது.

மறுபடி அடுப்பில் நின்றார். நக்கிப் பார்த்தால் கறியில் உயிரே இல்லை. இன்னும் கொஞ்சம் உப்பு. இன்னும் கொஞ்சம் மிளகாய். புளி. இப்போது பரவாயில்லை என்று தோன்றும். மதியம் வந்து உட்கார்கிறவர்கள் இரண்டு கவளத்தில் தண்ணீர் கேட்டார்கள். மலாய்க்காரர்கள் "மாசின் லா, பாங்" என்று உப்புக் கரிப்பதை நாசூக்காகச் சொன்னார்கள். கம்பெனி பஸ் ஓட்டுகிற ஜெரார்ட் நாசூக்கு தெரியாத ஆள். "பாய், கடல் தண்ணியிலயா கறி வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர் அதற்கப்புறம் வரவில்லை. இரண்டு மணிக்குக் காலியாகிற மீன்தலைக் கறிச் சட்டி, கடை சாத்தும்போதும் பாதி நிறைந்து கிடந்தது. ஷம்சியாவுக்கும் உப்பு கூடுதல் என்றுதான் பட்டது. ஆனால் அவள் பிரஷர்காரி, உப்பில்லாமல் தின்கிறவள். நமக்குத்தான் அப்படித் தெரிகிறது போல என்று வாயை மூடிக்கொண்டாள். அதுவும் ஜக்கரியாவின் நாக்கைப் பற்றிப் பேச அவள் யார்?

ஜக்கரியா யோசித்தார். அடுப்பு அதே அடுப்பு. மீன் அதே மீன். கை அதே கை. மிச்சம் இருப்பது மசாலாத்தூள்தானே? மூட்டையைத் திறந்து மூக்கை வைத்து இழுத்தார். ஒன்றுமே வரவில்லை. மரத்தூளை மோந்த மாதிரி இருந்தது.

மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு நேரே மில்லுக்குப் போனார். தூள் வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "சொந்த அக்கா சோத்துலயே கலப்படமாடா? இதுல கொத்தமல்லி எங்க, சோம்பு எங்க? எவனுக்கு மரத்தூள அரைச்சுக் குடுக்கற?" என்று கத்தினார். ஷஃபிக் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தபடி நின்றான். பேசாமல் நின்றதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. ஜக்கரியா சொல்லிவிட்டார் என்றால் அப்புறம் என்ன விசாரணை? ஒரு மாதத்துக்குள் ஊரில் ஒரு கடையும் அவனிடம் வாங்கவில்லை. மில் மூடிற்று. ஷம்சியா சண்டை போடவில்லை. புருஷன் கொண்டுபோனது போக மிச்சமிருந்த தூளை ஒரு டின்னில் அடைத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு அழுதாள்.

ஜக்கரியா பாக்கெட் மசாலாவுக்கு மாறினார். மாறிய கையோடு நோன்பு மாதம் பிறந்தது. பசார் ரமலான் என்கிற நோன்புச் சந்தையில் கடை போட்டார். அடேயப்பா, என்ன கூட்டம்! நோன்பு திறக்கிற மஃரிபுக்கு முன்னாலேயே சட்டி வழித்தாகிவிட்டது. தினமும் இதே கதை. "பாத்தியா? உன் தம்பி பொடிய விட்டேன், கறி பறக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று ஷம்சியாவிடம் கேட்டார்.

ராயாப் பெருநாள் முடிந்தது. கடை மறுபடி திறந்தது. பத்தே நாளில் சட்டி பழையபடி பாதியில் நின்றது.

ஐனா தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறவள். ஒரு வெள்ளிக்கிழமை லீவில் வீட்டில் இருந்தாள். அத்தா மறுபடி பாக்கெட் கம்பெனிக்காரனைத் திட்ட ஆரம்பித்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தா, நீங்க பொடிய மாத்துனீங்க. அதே வாரம் நோன்பும் வந்துருச்சு. ரெண்டும் ஒண்ணா மாறிடுச்சு. சட்டி காலியானது எதனாலன்னு எப்படித் தெரியும்? நோன்பு தொறக்கற பசியில பச்சத் தண்ணிகூட இனிக்கும் லா. எங்க ஃபேக்டரில இப்படி ரெண்ட ஒண்ணா மாத்திட்டு ரிசல்ட்டு சொன்னா சூப்பர்வைசர் காதுலயே வாங்க மாட்டாரு."

"அப்போ என்ன பண்ணணுங்கற?"

"ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்."

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த டின் வெளியே வந்தது. ஜக்கரியாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். மச்சானின் திருட்டுத்தனம் இன்று வீட்டாருக்கு முன்னாலேயே நிரூபணமாகப் போகிறது! "மாமா பொடி பழசு, வாசம் கொஞ்சம் கொறஞ்சிருக்கும். அது உங்களுக்குத்தான் சாதகம்" என்று ஐனா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் தொடங்கினார்கள். இரண்டு சின்னச் சட்டி. ஒரே அளவு வெங்காயம், ஒரே அளவு எண்ணெய், ஒரே கரண்டியில் உப்பு. ஒன்றில் ஷஃபிக் பொடி, இன்னொன்றில் பாக்கெட் பொடி. ஒரே மாதிரி மூன்று கிண்ணம் வரும். இரண்டில் ஒரு கறி, ஒன்றில் மற்றது. தனியாக இருப்பது எது என்று அவர் சொல்ல வேண்டும். நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று ஐனா அவர் கண்ணைத் துண்டால் கட்டினாள்.

"என் கடையில என் கண்ணயே கட்டுறியா?"

"ஊத்துறது நான். கொண்டு வந்து வைக்கிறது அம்மா. எதுல எதுன்னு அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்."

"அவளுக்குத் தெரிஞ்சா என்ன?"

"அவங்க மாமாவோட அக்கா, அத்தா. அறியாமயே கை ஒரு பக்கம் தள்ளும்."

முதல் சுற்று. ஜக்கரியா மூன்றையும் நக்கினார். உப்பு. காரம். உப்பு, காரம். உப்பு, காரம். அவசரத்தில் நடுக் கிண்ணத்தைத் தொட்டார். இரண்டாம் சுற்றில் நிதானமாக, நாக்கின் ஓரத்தில் வைத்து, அண்ணத்தில் ஒட்டி, என்னென்னவோ செய்து பார்த்தார். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. மூன்றாம் சுற்றில் அவருக்கு வியர்த்துவிட்டது. ருசியை விட்டுவிட்டு, ஷம்சியா கிண்ணம் வைக்கிற சத்தத்தில் ஏதாவது துப்பு கிடைக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்லாஹ்வே, ஊர் பூராவும் வந்து நின்ற நாக்கு, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஆறு சுற்று முடிந்தது.

"எத்தன?"

"ரெண்டு சரி, அத்தா."

துண்டைப் பிடுங்கி எறிந்தார். "ரெண்டு சரியா! பாத்தியா, முழுசாப் போயிடல. இன்னும் நாலு வாட்டி வைய்யி, பிடிச்சிருவேன்."

ஐனா அவர் முகத்தைப் பார்க்காமல் கிண்ணங்களை அடுக்கினாள். அவருக்குப் புரிந்தது, இருந்தாலும் "என்ன?" என்றார்.

"மூணுல ஒண்ணு, அத்தா. வாயில வைக்காம சும்மா கைய நீட்டுனாலே ஆறுக்கு ரெண்டு வரும்."

அடுத்தது ஷம்சியாவின் முறை. கண் கட்டியாயிற்று. அவள் நக்கக்கூட இல்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாள், வைத்தாள், எடுத்துக் கொடுத்தாள். ஆறும் சரி. கடைசிக் கிண்ணத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இது என் தம்பி வறுத்தது. பழசாகியும் எப்படி மணக்குது பாருங்க" என்று சொன்னவள், யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஜக்கரியா எழுந்து நின்றார். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்போ நோன்புல எப்படிச் சட்டி காலியாச்சு? அப்பவும் இதே ஆளுதானே சமைச்சேன்? இதே நாக்குதானே?"

ஐனா தயங்கினாள். "பசியும் காரணமா இருக்கலாம். ஆனா அத்தா... நோன்புல நீங்க ருசி பாக்க மாட்டீங்களே."

நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜக்கரியா அதற்கும் சம்மதிக்காதவர். பகலெல்லாம் கை அளவை நம்பி அள்ளிப் போட்டு இறக்கிவிடுவார். முப்பது வருஷத்துக் கை. அதற்கு ஒரு வியாதியும் வரவில்லை. கறியைக் கெடுத்தது பொடியும் இல்லை, கையும் இல்லை. ஒவ்வொரு நாளும் கரண்டியை எடுத்து, நக்கி, திருத்திய அந்த நாக்குதான் கெடுத்தது.

"அதையும் சோதிச்சுப் பாத்துரலாம்" என்றாள் ஐனா, சின்னக் குரலில். மறுவாரம் முழுதும் அவர் ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காமல் சமைத்தார். அடுப்பு அதே, பாக்கெட் பொடி அதே. ஷம்சியா யார் யாரையோ அனுப்பிப் பழைய ஆட்களை வரவழைத்தாள். ஜெரார்ட் வந்தார், இரண்டாம் தடவை சோறு கேட்டார். "பழைய கை திரும்பிடுச்சு, பாய்!" என்று முதுகில் தட்டினார். சட்டி இரண்டு மணிக்குக் காலியாயிற்று. ஜக்கரியா காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்தது கைதான் என்று அவருக்குத் தெரியும், அதில் நாக்குக்குப் பங்கில்லை. அன்று மதியம் அவர் சாப்பிடவே இல்லை.

அடுத்த நாள் பக்கத்து ஊரான செர்டாங்குக்குப் போனார். ஷஃபிக் அங்கே ஒரு செம்பனை ஆலையில் காவலாளியாக இருந்தான். லாரி வந்தால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுகிற வேலை. மெலிந்திருந்தான். மச்சானைக் கண்டதும் நாற்காலியை நகர்த்திப் போட்டான். ஜக்கரியா உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தைகளில் "என்ன மன்னிச்சிருடா" என்பது மட்டும் வந்தது. சொல்லிவிட்டு உடைந்து அழுதார்.

ஷஃபிக் பதறிப்போனான். "என்ன மச்சான் இது, உக்காருங்க. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. அன்னைக்கு நீங்க கத்துனப்ப நான் மோந்து பாத்தேன். எனக்கு நல்லாத்தான் வாசம் வந்துச்சு. ஆனா ஜக்கரியா மச்சான் நாக்கு தப்பா சொல்லாதே, அப்போ என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். கொத்தமல்லிய மாத்துனேன், வறுவல கூட்டுனேன், கொறச்சேன். எது சரி எது தப்புன்னே தெரியல. பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. மெஷின இரும்புக்குப் போட்டுட்டேன்."

"உன் மூக்குல ஒரு கோளாறும் இல்லடா. கெட்டது நான்தான். வா, புது மெஷின் போடுவோம். நான் போட்டுத் தரேன்."

"வேண்டாம் மச்சான். இப்ப எத மோந்தாலும் சந்தேகமா இருக்கு. அந்த வேல இனி எனக்கு ஓடாது" என்றான். சொல்லிவிட்டு, "கெட்டது உங்க நாக்குதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான்.

ஜக்கரியா சொன்னார். இரண்டு சட்டி, மூன்று கிண்ணம், கண்ணைக் கட்டியது, அக்காவுக்கே தெரியாமல் ஊற்றியது, எல்லாவற்றையும் சொன்னார். ஷஃபிக் குறுக்கே பேசாமல் கேட்டான். அக்கா ஆறும் சரியாகச் சொன்னாள் என்றபோது அவன் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு, மச்சான்?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரமா" என்றான் ஷஃபிக். வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்து போய்த் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.