ஆவுடைநாயகத்தின் மூக்கு

வண்ணார்பேட்டையில் செருப்புக்கடை மாடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் ஆவுடைநாயகத்துக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். வாடிக்கையாளர் நீட்டுகிற பென் டிரைவைக் கையால் வாங்க மாட்டார். மேசையில் வைக்கச் சொல்லி, காகிதத் துண்டால் பிடித்து எடுப்பார். ஒன்று வெற்றிலையோடு சட்டைப்பையில் கிடந்திருக்கும், இன்னொன்று சாவிக்கொத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கியிருக்கும், மற்றொன்று பரோட்டா தின்ற கையோடு வந்திருக்கும். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வேர்த்து விறுவிறுத்துப் படியேறிய மனிதரிடம், "குளிச்சிட்டு வரப்படாதா வே?" என்று கேட்ட ஆள் அவர். உலகமே தன் மூக்குக்கு முன்னால் அழுகிக் கிடப்பதாக அவருக்கு நினைப்பு.

அவர் லினக்ஸுக்கு மாறியதும் அருவருப்பில்தான். எவனோ செருகிய பென் டிரைவிலிருந்து ஏறிய வைரஸ், கடையில் இருந்த பத்திரிகை டிசைன்களை எல்லாம் தின்று ஏப்பம் விட்டது. அன்றைக்கே திருட்டு விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டார். "இது சுத்த சைவம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

வேலை தெரிந்தவர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். திரை உறைந்துபோனால் பவர் பட்டனில் கை வைக்க மாட்டார். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-மூன்று மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், முரண்டு பிடிக்கிற புரோகிராமை மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்புவார். எல்லாவற்றையும் அழித்தும் பென் டிரைவில் இடமில்லை என்று புலம்புகிறவருக்கு, கன்ட்ரோலும் எச்சும் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் குப்பை ஃபோல்டரைக் காட்டுவார். காப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும் 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் ஃபைல் பாதியில் நிற்கும் என்று எச்சரிப்பார். எல்லாவற்றையும் முகம் சுளித்துக்கொண்டே செய்வார், அதுதான் சீ என்று ஆகிவிடும்.

அப்படிப்பட்டவரின் கடை ஓடியது ரைஹானத்தால். மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள். ஆறு வருஷமாக அங்கே வேலை. கல்யாணப் பத்திரிகை, சடங்கு பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் இங்க்ஸ்கேப் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் அவள் கைவண்ணம். அவர் விரட்டிய ஆளைப் படியிறங்கிப் போய்ச் சமாதானப்படுத்திக் கூட்டிவருவதும் அவள்தான். "அந்தப் பிள்ள வேலைய விட்டு நின்னா உங்க கடைக்குப் பூட்டுதான்" என்று மனைவி கோமு வாரம் தவறாமல் குத்திக்காட்டுவாள். அது அவருக்கும் தெரியாமல் இல்லை.

ஆனால் மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டால் போதும், மனிதருக்குக் குடல் புரளும். மீன் குழம்பு. சில நாள் கருவாடு. பிரிண்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் அவள் சாப்பிடுவாள். சாப்பிட்ட இடத்தைத் துடைத்து, பாக்ஸை இரண்டு கவரில் கட்டி வைப்பாள். இருந்தாலும் இவர் சும்மா இருப்பாரா? அவள் கை கழுவப் போனதும் தூபக்காலை எடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் இருந்த சாம்பிராணி, தினப்படி ஆனது இப்படித்தான். அவள் உட்காரும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே தரையில் தூபக்காலை வைத்து, விசிறியால் வீசு வீசென்று வீசுவார். அவள் புகைக்குள்ளேயே இருமிக்கொண்டு டைப் அடிப்பாள். ஒரு நாளும் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.

போன வாரம் அந்த கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. பெரிய போஸ்டரை பி.டி.எஃப். ஆக்கும்போதெல்லாம் பொசுக்கென்று அணைந்துவிடும். ஆவுடைநாயகம் புதிய அப்டேட்டைச் சந்தேகித்தார். அப்டேட்டுக்கு முந்தைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தார். மெமரியைச் சோதித்தார். கடைசியில் டெர்மினலைத் திறந்து 'சென்சார்ஸ்' என்று தட்டினார். பிராசஸர் சூடு கொதிநிலைக்குப் பக்கத்தில் நின்றது. ஃபேன் சுற்றவில்லை.

அவருக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்தார். மீன் முள்ளுக்குக் கரப்பான் வந்திருக்கிறது, கரப்பான் ஃபேனுக்குள் போயிருக்கிறது. நினைக்கும்போதே குமட்டி வாயில் எச்சில் ஊறியது. ஜன்னலைத் திறந்து துப்பிவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்த கருத்தையா வந்து நின்றார். அவருடைய அண்ணன் தவறிப்போய், மறுநாள் காரியம். அவர் முன்னிலையிலேயே ஆவுடைநாயகம் கத்தினார்:

"எல்லாம் உன் கவுச்சியால வந்த வினை! உள்ள பூரா முள்ளும் கரப்பானுமா கெடக்கும். நாளையிலேர்ந்து கீழ போயி, ரோட்டுல வச்சித் தின்னு!"

கருத்தையா தலையைக் குனிந்துகொண்டார். ரைஹானத் எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கெடக்கும்னு சொல்லுதியளே, தொறந்து பாத்தியளா அண்ணாச்சி?"

"என்னால தொட முடியாது. அருவருப்பா இருக்கு."

"நான் தொறக்கேன். நீங்க நின்னு பாக்கணும்."

கரண்டை நிறுத்தி, ஸ்குரூ டிரைவரால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார் அவர். கரப்பான் இல்லை. முள் இல்லை. ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை. ஃபேனிலும் அதன் அடியிலிருந்த தகடுகளிலும் கன்னங்கரேலென்று பிசினாக ஒன்று அப்பியிருந்தது. காற்றுத் துவாரங்களில் பாதியை, ஆயுத பூஜைக்கு அவரே வைத்த சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

ரைஹானத் அந்தப் பிசினை விரலில் வழித்தாள். அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"துண்ட எடுத்துட்டு மோந்து பாருங்க. மீனு வாடையா?"

சாம்பிராணி வாடை. புகையும் தூசியும் இறுகிய, புளித்த, நாள்பட்ட சாம்பிராணி. ஆவுடைநாயகம் ஜன்னலை நோக்கித் திரும்பினார். இந்தத் தடவை ஜன்னல் வரைக்கும் போக முடியவில்லை. குப்பைக்கூடைக்குள் குனிந்து ஓங்கரித்தார்.

அவள் பிரஷ்ஷால் பிசினைச் சுரண்டி, பிரிண்டர் துடைக்கிற ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒவ்வொரு இதழாகத் துடைத்தாள். காயவிட்டு மாட்டினாள். ஃபேன் சுற்றியது. சூடு இறங்கியது. போஸ்டரை பி.டி.எஃப். ஆக்கி, பென் டிரைவில் போட்டு, எஜெக்ட் கொடுத்து, கருத்தையாவின் கையிலேயே வைத்தாள். "ரொம்ப நன்றி தாயி" என்று அவர் இறங்கிப் போனார்.

ஆவுடைநாயகம் வாயைக் கழுவிவிட்டு வந்து நின்றார். தன்மேலேயே நாறியது அவருக்கு. சட்டையில், துண்டில், கையில், எல்லாவற்றிலும் அந்தப் புகை. இத்தனை வருஷம் இந்த நாற்றத்துக்குள் அவளை உட்கார வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா ரைஹானத்... நாளையிலேர்ந்து நீ இங்கனயே வச்சிச் சாப்பிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு வாரது யாரு அண்ணாச்சி?"