ஸ்லாவாவுக்குப் பத்திரிகை அடித்த நெவெங்கா

என் டயர் கடைக்குப் பக்கத்தில் நெவெங்கா லேபிள் அச்சிடும் மெஷினை இறக்கியபோது, இவள் குளிர்காலம் வரைகூடத் தாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வாய் அப்படி. எங்கள் சாச்சாக் ஊரில் வியாபாரிகள் கூட்டம் எங்கே நடந்தாலும் முன் வரிசையில் இருப்பாள். கை குலுக்கிய சூட்டோடு விசிட்டிங் கார்டைத் திணிப்பாள். ஜாம் தயாரிக்கும் திஹோமிரைப் பல் டாக்டர் வீட்டு வாசலில்கூட விட்டு வைக்கவில்லை. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனிடம் லேபிள் விலையைச் சொன்னாளாம்.

கார்டு வாங்கினவர்கள் யாரும் கடைப்பக்கம் வரவில்லை. புது வருஷத்துக்குள் நிலையான வாடிக்கையாளர் ஒருவராவது கிடைக்காவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு நோவி சாத் நகரில் அக்காவின் அலுவலகத்துக்கே திரும்புவதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது.

டிசம்பரில் அவள் குடும்பத்தின் காவல் புனிதரான புனித நிக்கோலாவின் நாள், நாங்கள் ஸ்லாவா என்று சொல்லும் வீட்டு விருந்து. எங்களில் எவனும் ஸ்லாவாவுக்கு ஆளைக் கூப்பிடமாட்டான். தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். இவளோ தங்க நிறத்தில் மெழுகுவத்தி போட்ட அழைப்பிதழ் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டாள்.

"ஸ்லாவாவுக்கு எவளாவது பத்திரிகை அடிப்பாளா? கூறு கெட்டவளே" என்று கத்தினேன்.

"என்னை யாருக்குத் தெரியும்ண்ணே? தானா எப்படி வருவாங்க?"

அவள் சொன்னதும் சரிதான். ஆனால் பாதி ஊருக்கு அதே புனிதர், அதே நாள் விருந்து. மீதிப் பாதி அவர்கள் வீட்டில்தான் சாப்பிடும். அது தெரிந்தும் அவள் கெண்டை மீனும், அடுப்பில் சுட்ட பீன்ஸும், வால்நட் கேக்கும் ஒரு படைக்குச் சமைத்து வைத்திருந்தாள். அன்று அந்த மேசையில் நானும் என் மனைவியும் மட்டும்தான் உட்கார்ந்திருந்தோம். நெவெங்கா சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிளம்பும்போது, மேசையைக் கலைக்காதே, தங்கள் வீட்டு விருந்தை முடித்தவர்களுக்கு நாளைக்குத்தான் நேரம் ஒழியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பிச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மறுநாள் மதியம் நானும் அங்கே இருந்தபோது திஹோமிர் மனைவியோடு வந்து நின்றார், கையில் அழைப்பிதழ்.

"பத்திரிகை வச்சுக் கூப்பிட்ட ஸ்லாவாவை என் ஆயுசுல பார்த்ததில்லம்மா. அதான் என்ன கூத்துன்னு பார்க்க வந்தோம்."

பின்னாலேயே பேக்கரிக்காரர் வந்தார், தேனீ வளர்க்கும் தம்பதி வந்தார்கள். எல்லோரும் அவளைக் கிண்டல் செய்துகொண்டே சாப்பிட்டார்கள். பிளம் சாராயம் ஒரு சுற்று போனதும் திஹோமிர் அழைப்பிதழை விரலால் தடவிப் பார்த்து, இதே மாதிரி என் ஜாம் பாட்டிலுக்கு லேபிள் அடிக்க என்ன ஆகும் என்று கேட்டார்.

மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். சொல்லடி, சொல்லித் தொலை!

நெவெங்கா மீன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஸ்லாவா மேசையில வியாபாரம் வேண்டாம்ணே. நீங்க சாப்பிடுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊரெல்லாம் ஓடி ஓடிக் கார்டு கொடுத்தவளுக்கு, ஆர்டர் வாசல் தேடி வந்தபோது ரோஷம் வந்துவிட்டது! திஹோமிர் விலைப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டு, அப்பா என்ன செய்தார், எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்தார். இருட்டும் வரை கிளம்பவில்லை.

அடுத்த நாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது, பக்கத்துக் கடை வாசலில் ஜாம் பாட்டிலோடு அவர் நின்றிருந்தார். நெவெங்கா இன்னும் வரவில்லை. அவள் வந்து ஆர்டர் எடுக்கும் வரை நான்தான் காபி போட்டுக் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்தேன். இதை அவளிடம் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன்.

போன டிசம்பரில், ஸ்லாவாவுக்கு மறுநாள், மூச்சிரைக்க ஓடி வந்தாள். நாற்காலி பத்தவில்லையாம். என்னிடம் ஏது நாற்காலி? டயர்களை உருட்டிக்கொண்டு போய் அடுக்கி, மேலே பலகை போட்டேன். வீடு கொள்ளாத கூட்டம். பேக்கரிக்காரர் டயரில் ஏறி உட்கார்ந்து, காற்று சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

"இத்தனை பேரா? யார் யாருக்குடி பத்திரிகை வச்சே?" என்றேன்.

அவள் ரொட்டிக் கூடையைப் பேக்கரிக்காரர் பக்கம் நீட்டினாள்.

"யாரையுமே கூப்பிடலண்ணே" என்றாள்.