பெரியப்பா பெயரும் ஆடும் ஜன்னலும்

இன்று காலை ஃபோனில் ஒரு புதுமனை புகுவிழாப் பத்திரிகை வந்தது, கருமத்தம்பட்டியிலிருந்து. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள், படத்திலேயே! மஞ்சள் என்றால் வாசம் வேண்டாமா? கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்த என் பழைய கடையில் கீபோர்டில் பாதி எழுத்து மஞ்சளாகத்தான் இருக்கும். அச்சான பத்திரிகையை வாங்க வருகிறவர்கள் முதல் பத்துக்கு அங்கேயே மூலை தொட்டு வைப்பார்கள். நானும் கூடமாட உதவிவிட்டு, கையைத் துடைக்காமல் அடுத்தவர் பத்திரிகையை அடிக்க உட்கார்ந்துவிடுவேன்.

கடை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஒரு குண்டு மானிட்டர், ஒரு கம்ப்யூட்டர், நான். என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தேன். வைரஸ் வராது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம், அதில் ஒரு வித்தை இருந்தது. திரையில் திறந்திருக்கும் ஜன்னலின் மேல்பட்டையைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி நெளிந்து ஆடும். அதனால் என்ன பிரயோஜனம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டுவேன். அவ்வளவு அல்பமாக இருந்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் குப்புசாமி என்பவர் மனைவி சரஸ்வதியோடு வந்தார். கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்திருந்தவர். மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பமே கல்யாணத்துக்கு வராது. எழுதிக் கொண்டுவாருங்கள் என்றால் கேட்க மாட்டார்கள், வாயால் சொல்லச் சொல்லத்தான் அடிக்க வேண்டும். மாமன், மச்சான், பங்காளி என்று இரண்டு மணி நேரம் சொன்னார். பெண்ணின் பெரியப்பா இடம் வந்ததும் நின்றுவிட்டார்.

கூடப் பிறந்த அண்ணன் ராமசாமி. பொதுக்கிணற்று மோட்டார் விஷயமாகப் பதினோரு வருஷம் பேச்சில்லையாம். சரஸ்வதியம்மா மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"செரி, அண்ணன் பேரையும் அடிச்சுப்போடுங்க அம்மணி," என்றார் குப்புசாமி கடைசியில். "எம்மனசு மாறறதுக்குள்ள அடிச்சுப்போடுங்க."

அடித்தேன். அந்த அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். புத்தியுள்ளவள் அந்த நேரத்தில் சேவ் கொடுத்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இறுக்கத்தைத் தளர்த்துகிறேன் பேர்வழி என்று, "இங்க பாருங்க!" என்று ஜன்னலைப் பிடித்து ஆட்டினேன்.

"அட, ஆட்டுக்குட்டியாட்ட துள்ளுதுங்க!" என்று குப்புசாமி சிரித்தார்.

சிரித்துவிட்டாரே என்று இன்னொரு தரம் ஆட்டினேன். மேல்பட்டையைக் காணோம்.

ஜன்னல்களுக்குச் சட்டம் கட்டி, நகர்த்தி, எது முன்னால் நிற்பது என்று பார்த்துக்கொள்ள விண்டோ மேனேஜர் என்று ஒரு புரோகிராம் உண்டு. அது செத்துவிட்டது. பத்திரிகை கண்ணெதிரே அப்படியே இருந்தது, ராமசாமி பெயரோடு. ஆனால் கீபோர்டில் எதைத் தட்டினாலும் அதற்கு எட்டவில்லை. சேவ் செய்ய வழியில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. தறி நின்னுபோச்சுன்னா நாங்க அப்படித்தானுங்க," என்று குப்புசாமியின் கை சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அதற்குள் சரஸ்வதியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, கையெடுங்க. இன்னொருக்கா அந்தப் பேர உங்க வாயில இருந்து நான் எப்படி வரவெப்பேன்?"

குப்புசாமி கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒன் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படமெல்லாம் மறைந்து, கட்டளைகளை மட்டும் அடிக்கிற கறுப்புத் திரை வந்தது.

"போச்சுங்களா?" என்றார் குப்புசாமி.

"போகலீங்க, உள்ள இருக்குதுங்க," என்றேன். சொன்னேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. ஆட்டமெல்லாம் தெரியாத பழைய விண்டோ மேனேஜரைக் கூப்பிடும் கட்டளையை அடித்தேன். அவசரத்தில் ஓர் எழுத்து தப்பிப்போய், கம்ப்யூட்டர் அப்படி ஒன்றே இல்லை என்றது. சனியனே என்று திட்டிக்கொண்டு மறுபடி அடித்தேன். எஃப் செவனை அழுத்திப் பழைய திரைக்குத் திரும்பினேன்.

மேல்பட்டை வந்திருந்தது. சாம்பல் நிறத்தில், தட்டையாக, எந்த அலங்காரமும் இல்லாமல். அத்தனை அழகான பட்டையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சேவ், சேவ், சேவ். மூன்று தரம் கொடுத்தேன்.

குப்புசாமி நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் பெயரையோ மாப்பிள்ளை பெயரையோ தேடவில்லை. வரிவரியாக விரலை இறக்கி அண்ணன் பெயரில் நிறுத்தினார்.

"இருக்குதுங்க," என்று, எனக்குத் தெரியாதது போல, எனக்கே சொன்னார். பிறகு, "ஏனம்மணி, அண்ணனுக்கு 'திரு' போடலீங்களா? போட்டுருங்க. பேர எம்பேருக்கு மேல கொண்டுபோயிருங்க."

மனைவியிடம் திரும்பி, "பத்திரிகைய நானே கொண்டுபோயிக் குடுக்கறேன். நீ கூட வா, போதும்," என்றார்.

ஆடும் ஜன்னலை அன்றோடு அணைத்துவிட்டேன். கடையிருந்த இடத்தில் இப்போது ஃபோன் உறை விற்கிறார்கள். குண்டு மானிட்டர் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாயால் பெயர் சொல்கிறவர்களும் இல்லை.

இன்று வந்த பத்திரிகை அந்த மகளுடையது. பொதுக்கிணற்றை ஒட்டிய பெரியப்பா தோட்டத்தில் வீடு கட்டியிருக்கிறாள். தங்கள் வரவை விரும்பும் என்று போட்டு இரண்டு பெயர்கள்: மேலே திரு. ராமசாமி, கீழே குப்புசாமி. அந்தப் பேச்சில்லாத பதினோரு வருஷமும் கடையோடு கடையாக எங்கோ போய்விட்டது, நல்லவேளை. முழுதாகப் படிப்பதற்கு முன்னாலேயே படத்தை ஃபோனில் சேவ் செய்துகொண்டேன்.