அலுமினியம் ஊறாது

தருவைகுளம் கரையில் ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தேன். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற மிக்கேல் வந்து எதிரே நின்றான். "ஒங்க அக்கா போயிட்டாவளாம்ணே. காலையில நெஞ்சுவலியாம்" என்றான். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. இருந்தும் யார் என்று நான் கேட்கவில்லை. செல்வக்கனி என்ற பெயரைத் தன் வாயால் சொல்வதில்லை என்று மிக்கேல் சில வருடங்களாகவே வீம்பாக இருந்தான். அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் சேதியைச் சொல்ல அவன்தான் கரை முழுக்க என்னைத் தேடி அலைந்திருக்கிறான்.

மில்லர்புரத்தில் அவர் வீட்டுத் தெருமுனையில் அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். 'அமைதியின் வடிவே, அதிர்ந்து பேசாத அன்னையே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத் தெரிந்த உங்களிடம் கேட்கிறேன், செல்வக்கனி அக்கா அதிர்ந்து பேசாதவரா? அவர் ஹார்டுவேர் கடையில் பேசினால் பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் திரும்பிப் பார்ப்பார். செத்துப்போன அன்றைக்கே ஒரு மனுஷியை வாயில்லாப் பூச்சியாக்கி மாலை போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் முதன்முதலில் அவர் கடைக்குப் போனது போல்ட் வாங்க. அப்போது ஓர் அம்மா, பழைய அலுமினியச் சட்டி ஒன்றைச் சந்தையில் வாங்கிவிட்டதாகவும் அடுப்பில் வைத்தால் ஒழுகி நெருப்பை அணைத்துவிடுகிறது என்றும் புலம்பிக்கொண்டிருந்தார். அக்காவின் அப்பா பனங்காட்டு ஊர்களில் அலுமினியப் பாத்திரம் விற்றவர். அக்கா சட்டியை வாங்கி, பிடியை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை ஊற்றி, பிடியை இறுக்கியிருந்த ரிவெட் ஆணிக்கு வெளியே துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். சொட்டு வந்தது. "வாங்கும்போது இதைச் செய்யதுக்கு ஒனக்கு என்ன வெக்கம்? கேட்டா விக்கிறவன் கோவிச்சுக்கிடுவான்னா, கோவிச்சுக்கிட்டுப் போறான்!" என்றார்.

பழைய வள்ளம் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். வள்ளத்தின் உடம்பைப் பார்க்க அக்கா வருவார். நம் கரையில் பெரும்பாலும் ஃபைபர் வள்ளம்தான். எப்போதாவது அலுமினியத்தில் ஒன்று வந்துவிட்டால் அக்கா இல்லாமல் காரியம் நடக்காது. ஒரு சின்னச் சுத்தியல், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு சாக்குக்கட்டி, இவ்வளவுதான் அவர் கொண்டுவருவது. வள்ளத்துக்குள் ஏறி ரிவெட் தலையில் விரலை வைத்துக்கொள்வார். வெளியே நின்று நான் லேசாகத் தட்ட வேண்டும். இறுகிய ரிவெட் கல்லாக இருக்கும். தளர்ந்தது விரலுக்கடியில் துள்ளும். ரிவெட்டைச் சுற்றி மை தீற்றியதுபோல் கறுப்பு இருந்தால் அது ஓட்டத்தில் ஆடுகிறது என்று அர்த்தம். காந்தம் ஒட்டினால் யாரோ இரும்பு ரிவெட் அடித்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பு, தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்றுவிடும். "நல்லாத் தட்டுலே, சோறு திங்கலியா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். நான் தொழில் பார்த்து நரைத்தவன் என்ற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் கிடையாது.

மிக்கேலும் கூட்டாளிகளுமாக ஐந்து பேர் வாங்க நினைத்த வள்ளம், ஏதோ கப்பலில் கழித்துவிட்ட பழைய அலுமினியப் படகு. ஒரு தரகர் அதை ஏலத்தில் எடுத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று கரையில் நிறுத்தியிருந்தார். அவர் பெயரை எழுதி அவருக்குப் பெருமை சேர்க்க எனக்கு மனமில்லை. ஐவருடைய சொந்த வள்ளம் பாறையில் அடிபட்டுப் போயிருந்த சமயம் அது. வாங்கப்போகிற வள்ளத்தின் முகப்பில் மாதா பெயரை எழுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மந்திரிக்கப் பங்குச் சாமியாருக்கும் சொல்லியாகிவிட்டது. எஞ்சினை மாட்டிவிட்டுப் போக என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. அவராகத்தான் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இணைப்பில்தான் ரிவெட் வரிசை ஓடும். அந்த இணைப்பு தடவினால் வழுவழுவென்று இருந்தது. அக்கா நகத்தால் பெயின்ட்டைக் கீறினார். அடியிலிருந்து வெள்ளை சீலன்ட் பிசின்போல உரிந்து வந்தது. தரகரைத் திரும்பிப் பார்த்தார்.

"இது எங் கடைச் சரக்குல்லா அண்ணாச்சி? பாத்ரூம் ஒழுகுதுன்னு சொல்லித்தான வாங்கிட்டுப் போனிய? ஒங்க பாத்ரூம் இங்கன வந்து நிக்கி!"

வாடிக்கையாளர் என்ன வாங்கினார் என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைக்கிற கடைக்காரருக்கு இந்த ஊரில் வியாபாரம் நடக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

பிறகு வெளிப்பக்க இணைப்பு முழுக்கச் சாக்குக்கட்டியைத் தேய்த்தார். பம்பு வைத்துக் கடல் தண்ணீரை வள்ளத்துக்குள் விடச் சொன்னார். கரையில் நிற்கும் வள்ளத்தில் தண்ணீர் ஏற்றுவது அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாக்குக்கட்டிக் கோடு அங்கங்கே கறுத்தது. அடிப்பக்கத்தில் சில ரிவெட்டுகளில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. ஐவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"இம்புட்டுதானா? நாலு நாள் தண்ணியில கெடந்தா ஊறி நின்னுரும்க்கா" என்றான் மிக்கேல்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் அப்பன், பாட்டன் எல்லாம் மர வள்ளத்தில் போனவர்கள். வெயிலில் காய்ந்த பலகை இடுக்கு விடும். தண்ணீரில் இறக்கினால் ஊதி அடைத்துக்கொள்ளும். முதல் நாள் கசிந்தால் பதறாதே என்பதுதான் அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு. கை ஃபைபருக்கு மாறிய பிறகும் வாய் மாறவில்லை.

"மரம்னா ஊறும்லே. அலுமினியம் ஊறுமா? ஒன் வீட்டுச் சோத்துச் சட்டி ஒழுகுனா ஊறட்டும்னு அடுப்புல வச்சுக்கிட்டு இருப்பியா?" என்றார் அக்கா. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மிக்கேலுக்கு முகம் சிவந்தது.

"ஒங்களுக்குக் கடை இருக்குக்கா, பேசுதிய. இதுவும் இல்லேன்னா நாங்க அஞ்சு பேரும் அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குத்தான் போவணும். மாதா பாத்துக்கிடுவா, நீங்க போங்க."

"பாத்துக்கிடுவா. அவளுக்கு இருக்க வேலை பத்தாதுன்னு இதையும் ஏத்தி விடுவியளா? கூலிக்குப் போங்கலே. போனா திரும்பி வருவியள்லா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, எஞ்சினை மாட்டாத."

நான் மாட்டவில்லை. அன்றைக்கு அந்தக் கரையில் எனக்கும் அவருக்கும் கிடைத்த வசவுகளை அச்சில் ஏற்ற முடியாது. தரகர், வேறு கரையில் இதைக் கொத்திக்கொண்டு போக ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டி ஏற்பாடு செய்யப் போனார். அதன்பிறகு அக்கா செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த வள்ளத்தை அவரே விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றித் தன் கடை வாசலில் இறக்கினார். அவர் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டர் மெஷினை எடுத்துட்டு வா தம்பி" என்று எனக்கு ஃபோன் வந்தது. முகப்பில் மாதா பெயர் இருந்த தகட்டை மட்டும் முதலில் பதமாக வெட்டி எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னார். மீதியைப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, நடுத்தெருவில் துண்டு துண்டாக்கினோம்.

அடித்தகட்டில் சீலன்ட்டுக்கு அடியில், ஒரு ரிவெட் துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தது. அலையில் ஒரு நல்ல அடி விழுந்தால் தகடு ஜிப் பிரிவதுபோலப் பிளந்துவிட்டிருக்கும். அந்தத் துண்டை நான் தருவைகுளத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். மிக்கேல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நீங்க மெஷின் வச்சு வெட்டும்போது விட்ட விரிசல்ணே" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பின் தருவைகுளத்தார் அக்கா கடைப் படி ஏறவில்லை. ஐவரும் கூலிக்குப் போனார்கள். கஷ்டப்பட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றைப் பிடித்தார்கள். வலை இழுக்கிற இடத்திலெல்லாம் அக்காவைத் திட்டினார்கள். ஒருநாள் பொறுக்காமல், மிக்கேல் திட்டுவதை அவரிடமே போய்ச் சொன்னேன்.

"என்னன்னு திட்டுதான்?" என்று கேட்டார்.

சொன்னேன். கேட்டுவிட்டு, ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "திட்டட்டும்லே. திட்டுததுக்கு உசுரோட இருக்கான்லா" என்றார். அடுத்த வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பிவிட்டார்.

அடக்கத்தன்று ஐந்து பேரும் வந்திருந்தார்கள். தரகரும் வந்து, தான் கட்டிய பேனருக்குக் கீழேயே துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். மிக்கேல் அக்காவின் காலடியில் ரொம்ப நேரம் நின்றான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து, "இருந்தாலும் அந்த வள்ளம் ஓடியிருக்கும்ணே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஓடியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? முழுகாத வள்ளத்துக்குச் சாட்சி கிடையாது. சாகாமல் போனவர்கள் யாரும் வந்து நன்றி சொல்வதும் கிடையாது. அந்த நன்றிக்காக அவர் ஒருநாளும் காத்திருக்கவில்லை.

அவர் சுத்தியலும் காந்தமும் மகளிடம் இருக்கின்றன. அவள் கடையைத் திறந்துவிட்டாள். குரலும் அம்மாவுடையதுதான். எனக்கென்று அவர் விட்டுப்போனது என்ன என்பது போன வாரம்தான் தெரிந்தது. அடித்தகடு ஆடிக்கொண்டிருந்த ஒரு பழைய வள்ளத்துக்கு எஞ்சின் மாட்ட முடியாது என்று சொன்னேன். அதன் சொந்தக்காரர், என்னைவிட இளையவர், என் தொழிலையும் என் வயதையும் என் பிறப்பையும் இழுத்துத் திட்டினார். முன்பு என்றால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்திருப்பேன். அன்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய ஒவ்வொரு சொல்லையும் நின்று காது குளிரக் கேட்டேன். நல்ல கணீரென்ற குரல். தண்ணீர் குடித்து மூச்சு முட்டாத குரல்.